பழைய பாமினிக் குறிப்புகள் திறக்கவில்லை. வாசிப்பு, எழுத்து, வயலின் மூன்றையும் திரும்பத் தொடங்க உதவி வேண்டும்

கொக்குவில் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். 1999 முதல் 2006 வரை, வாசித்த புத்தகம், கேட்ட கச்சேரி, கோவில் மேளச்சமா (நாதஸ்வர, தவில் கச்சேரி) என்று மனதில் பட்டதை எல்லாம் வேர்டில் குறிப்பாக எழுதி வைத்தேன். எல்லாம் பாமினி எழுத்துருவில். அதன்பிறகு பிள்ளைகள், மாமியின் வருத்தம், வேலை என்று ஒரு வரியும் எழுதவில்லை. வயலினும் அப்படித்தான். வட இலங்கை சங்கீத சபையின் நாலாம் தரம் வரை எடுத்தேன். பெட்டி திறந்து கனகாலம்.

இந்த வருடம் சின்னவன் பல்கலைக்கழகம் போய்விட்டான். பின்னேரங்களில் வீடு அமைதியாக இருக்கிறது. சரி, திரும்பத் தொடங்குவோம் என்று பழைய சீடியில் இருந்ததை ஒரு கடையில் பென் டிரைவில் போட்டு வாங்கி, புது மடிக்கணினியில் திறந்தேன். 43 ஃபைல். ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. 'தமிழ்' என்று நான் எழுதிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. கடைக்காரர் பார்த்துவிட்டு, ஃபைல் பழுதாகிவிட்டது, ஒன்றும் செய்ய ஏலாது என்றார். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

இதைவிட 11 கசெற் இருக்கின்றன. எங்கள் வைரவர் கோவில் பூங்காவனத் திருவிழாக்களில் அப்பா பதிவு செய்தவை. அப்பா இப்போது இல்லை.

மூன்றாவதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. புதிதாக எழுத உட்கார்ந்தால் அலுவலகக் கடிதம் மாதிரி வருகிறது. 'மேற்படி நூலானது' என்று தொடங்குகிறேன். முன்பு நான் அப்படி எழுதியதில்லை. பழையதை வாசித்தால் என் கை எனக்குத் திரும்ப வரும் என்று நினைக்கிறேன். அதனால்தான் அந்த 43 ஃபைலும் எனக்கு இவ்வளவு முக்கியம்.

தாவடித் தம்பி:

அக்கா, முதலில் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள். ஃபைல் பழுதாகவில்லை. நீங்கள் சொன்ன அந்த ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான் 'தமிழ்'. பாமினியில் த, ம, விசிறி ( ி ), ழ, குற்று ( ் ) என்று அதே வரிசை.

நடந்தது இதுதான். பாமினி காலத்தில் கணினிக்குத் தமிழ் என்று ஒன்று தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். நீங்கள் தட்டியதை வேர்ட் ஆங்கிலமாகவே சேமித்தது, எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டியது. உங்கள் புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். யூனிகோடு வேறு மாதிரி. அதில் தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

முதலில் 43 ஃபைலையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அதைத் தொடவே வேண்டாம். பிறகு பாமினி எழுத்துருவை இறக்கி நிறுவுங்கள். வேர்டைத் திறந்தவுடன் நீங்கள் எழுதியபடியே தெரியும். வாசிக்க அதுவே போதும். தேடவும் மற்றவர்களுக்கு அனுப்பவும் வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, என்எச்எம் கன்வர்ட்டர் இரண்டும் அதைச் செய்யும்.

மொன்றியல் வாசி:

தம்பி சொன்னது சரி. ஆனால் நான் அனுபவப்பட்ட ஓர் இடம் உண்டு, சொல்லிவிடுகிறேன். குறிப்புகளுக்கு நடுவே ஆங்கிலச் சொல், ஆங்கிலப் புத்தகப் பெயர் இருக்கிறதா? மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. இரண்டையும் தமிழாக்கி, ஆங்கிலச் சொல்லை வாயில் நுழையாத எழுத்துக் கூட்டமாக்கிவிடும். அப்பாவின் கடிதங்களை மாற்றியபோது விலாசம் முழுவதையும் அப்படி இழந்தேன். மூலத்தை அழித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியவில்லை.

வேர்டின் தேடும் பெட்டியில் எழுத்துருவை வைத்தும் தேடலாம். பாமினி அல்லாத எழுத்துருவில் உள்ள சொற்களைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் பதிலாக 001, 002 என்று எண் போடுங்கள். எந்த எண் எந்தச் சொல் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பாமினியில் எண்கள் எண்களாகவே இருக்கும், மாற்றும்போது சேதமாகாது. மாற்றி முடிந்தபின் சொற்களைத் திரும்பப் போடலாம். இதைச் செய்யாமல் வெறும் உரை ஃபைலாகச் சேமித்துவிட வேண்டாம். எழுத்துரு விபரம் போய்விட்டால் எது எதென்று பிரிக்க வழியில்லை.

கொக்குவில் வாசகி:

தம்பி, எழுத்துருவைப் போட்டு முதல் ஃபைலைத் திறந்தேன். 1999 தை மாதம் எழுதியது. அப்படியே இருக்கிறது. சமையலை அடுப்பில் விட்டுவிட்டு வாசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். மெத்தப் பெரிய உதவி.

ஐந்து ஃபைலை மாற்றியும் பார்த்தேன். ஆங்கிலச் சொற்களுக்கு எண் போட்டேன், அது நன்றாக வேலைசெய்தது. ஆனால் இரண்டு சிக்கல். ஸ்வரம் எழுதிய வரிகளில் எல்லாம் ரி காணவில்லை. 'ஸ ாி க ம' என்று வருகிறது. ரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிவட்டம் நிற்கிறது. மற்றது, 'அவர்கள்' என்று தேடினால் ஒன்றுமே அகப்படவில்லை. கண்ணுக்கு முன்னால் பத்து இடத்தில் இருக்கிறது!

தாவடித் தம்பி:

அக்கா, இரண்டும் ஒரே சிக்கல்தான். அச்சில் ர மேல் குற்றோ விசிறியோ ஏறும்போது அதன் சாய்ந்த காலை விட்டுவிடுவது பழைய வழக்கம். கால் இல்லாத ர, பார்வைக்கு அரவு ( ா ) மாதிரியே இருக்கும். அதனால் பாமினியில் தட்டியவர்கள் பெரும்பாலும் ர் என்பதற்கு அரவைத் தட்டிக் குற்றுப் போட்டார்கள், ரி என்பதற்கு அரவைத் தட்டி விசிறி போட்டார்கள். நீங்களும் அப்படித்தான் பழகியிருப்பீர்கள். நல்ல மாற்றி இதைக் கவனித்துத் திருத்தும். சிலது தட்டியபடியே விட்டுவிடும். 'அவா்கள்', 'அவர்கள்' இரண்டையும் பக்கத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். முதலாவதில் இருப்பது ர் அல்ல. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

தமிழில் அரவுக்கு மேல் குற்று ஒருநாளும் வராது. ஆகவே பயமில்லாமல் மொத்தமாக மாற்றலாம். கன்ட்ரோல், எச் இரண்டையும் அழுத்தி, ா் என்பதை ர் ஆகவும், ாி என்பதை ரி ஆகவும், ாீ என்பதை ரீ ஆகவும் மாற்றுங்கள். உங்கள் ஸரிகம திரும்ப வந்துவிடும்.

இணுவில் ரீச்சர்:

பிள்ளை, சங்கீதக் குறிப்பு என்றபடியால் சொல்கிறேன். ராகப் பெயர்களையும் ஒருக்கால் பாரும். என்னுடைய பாடக் குறிப்புகளை மாற்றியபோது மாயாமாளவகௌளையின் கௌ, 'கெள' என்று இரண்டு எழுத்தாகிவிட்டது. பார்த்தால் தெரியாது, தேடினால் கிடைக்காது. கேதாரகௌளை, ரீதிகௌளை, கௌரிமனோகரி, சௌராஷ்டிரம், சௌக்க காலம் எல்லாம் இப்படித்தான் உடைந்து கிடந்தன. தம்பி சொன்ன மாதிரி இதையும் மொத்தமாக மாற்றப் போய் நான் கெட்டுப்போனேன். வெளிச்சம், தெளிவு, கெளிறு எல்லாவற்றிலும் அதே கொம்பும் ளவும் உண்டு. 'வெளி' என்று இருந்த இடமெல்லாம் நாசமாகி, ஒரு கிழமை உட்கார்ந்து திருத்தினேன். முழுச் சொல்லாகத் தேடும். கெளளையைக் கௌளை ஆக்கும், மெளனத்தை மௌனம் ஆக்கும். சொல்லுக்குச் சொல் செய்தால் சேதம் இல்லை.

வயலினைப் பற்றி. பெட்டியைத் திறந்தவுடன் பழைய தந்திகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதேயும். இழுவை முழுக்கப் போனால் தந்திகளைத் தாங்கும் குதிரை சரியும், உள்ளே நிற்கும் சின்னக் கட்டையும் விழுந்துவிடலாம். அதைத் திரும்ப நிறுத்தத் தெரிந்த ஆள்தான் நிறுத்த வேண்டும். ஒரு தந்தியை மாற்றி, ஓரளவு சுருதிக்குக் கொண்டுவந்தபின் அடுத்ததைத் தொடும். தந்தியை முறுக்கும் பிரடை வழுக்கினால் கொஞ்சம் வெண்கட்டித் தூள் தடவும். முதல் கிழமை ஸ ப ஸ ப சேர்த்து, திறந்த தந்தியில் முழு வில்லும் இழுத்தால் போதும். பிறகு ஸரளி வரிசை, முதலாம் காலம் மட்டும். நாலாம் தரத்தில் வாசித்த வர்ணத்தை இப்போது எடுக்க வேண்டாம். விரல் மறந்திருக்கும், காது மறந்திருக்காது. அந்த இரண்டும் சண்டை பிடித்தால் மனம் சலித்துப்போகும்.

பருத்தித்துறை வானொலி:

கசெற்றுக்கு நான் சொல்கிறேன். முதலில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் இருந்தால் போடவே வேண்டாம், தனியே எடுத்து வையுங்கள். நல்லவற்றை முன்னும் பின்னும் ஒரு முறை முழுதாகச் சுற்றிவிட்டுப் போடுங்கள். றெக்கோடரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வயர் எடுத்து, லைன் இன் உள்ள சின்ன யூஎஸ்பி ஓடியோ அடாப்டர் ஒன்றின் வழியாக மடிக்கணினிக்குக் கொடுங்கள். மடிக்கணினியின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான். ஓடாசிற்றியில் பதிவு செய்யலாம், அது இலவசம். 90 நிமிடக் கசெற்றின் ஒரு பக்கம் சுருக்காமல் ஏறக்குறைய 450 மெகாபைட் வரும். ஃப்ளாக் என்ற ஃபைல் வடிவில் வைத்தால் தரம் குறையாமல் அதில் பாதியளவுதான். அப்பாவின் குரல் எங்காவது பதிந்திருக்கும், தொடக்கத்தில் கோவில் பெயரும் திகதியும் சொல்லியிருப்பார். இரைச்சல் குறைக்கிறேன் என்று அதை வெட்டிவிட வேண்டாம்.

கொக்குவில் வாசகி:

ஓம், சொல்லியிருக்கிறார். இரண்டாவது கசெற்றில் முதலில் இருமல், பிறகு திகதி, பிறகு 'தொடங்கிவிட்டார்கள்' என்று மெல்லிய குரலில். என் தம்பியும் அம்மாவும் வந்து கேட்டார்கள். நன்றி என்று எழுதினால் போதாது.

இன்னும் இரண்டு கேள்வி. எனக்குப் பாமினித் தட்டச்சுதான் கையில் இருக்கிறது. புதிதாக வேறு விசைப்பலகை பழக வேண்டுமா? அப்புறம், குறிப்புகளில் மல்லிகையில் வாசித்த கதைகளை இதழ் வாரியாக எழுதியிருக்கிறேன். இதழ்கள் இப்போது என்னிடம் இல்லை. திரும்ப வாசிக்க வழி உண்டா?

மொன்றியல் வாசி:

பழக வேண்டியதில்லை. ஈ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையும் உண்டு. விரல் பழைய இடத்திலேயே போகும், திரையில் யூனிகோடு வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாமினியில் கொம்பை முதலில் தட்டிப் பிறகு எழுத்தைத் தட்டினோம். யூனிகோடு எழுத்தை முதலில், கொம்பைப் பிறகு சேமிக்கும். மென்பொருள் அதை உள்ளே பார்த்துக்கொள்ளும், ஆனால் அழித்துத் திருத்தும்போது வழமைக்கு மாறாக இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும்.

மல்லிகை 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய இதழ் அல்லவா, பழைய இதழ்கள் பலவற்றை நூலகம் இணையத்தளத்தில் வைத்திருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய முயற்சி, இலவசமாக வாசிக்கலாம். உங்கள் குறிப்பில் மாதமும் வருடமும் இருந்தால் நேரே அந்த இதழுக்கே போகலாம்.

இணுவில் ரீச்சர்:

பிள்ளை, நீர் மூன்றாவதாகக் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. 'மேற்படி நூலானது' ஏன் வருகிறது தெரியுமா? நீர் புத்தகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உட்காருகிறீர். தீர்ப்பு என்றால் கடிதப் பாஷை தானாக வரும். அருமை, சிறப்பு, அபாரம் என்ற மூன்று சொல்லையும் ஒரு மாதம் தொடாதேயும். கேட்டதை, கண்டதை மட்டும் எழுதும். எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர், வில் எந்தத் தந்தியில் கீச்சிட்டது, அதை எழுதும். படுக்கப் போகுமுன் ஐந்து வரி. நாலு நாளைக்குப் பிறகு இங்கே ஒன்றைப் போடும், பார்க்கிறேன்.

கொக்குவில் வாசகி:

ரீச்சர், நாலு நாள் என்றீர்கள், ஒன்பது நாளாகிவிட்டது. முதலில் பழையது ஒன்று, 2003 ஆவணி:

'மழை வரும்போல் இருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. சின்னத் தவில்காரர் ஒரு விரல் கூட்டைக் கழற்றி, விரலை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டினார். நாதஸ்வரம் ரீதிகௌளையை விட்டு இறங்கவே மனமில்லாமல் நின்றது. ஐயர் தீபத்தோடு காத்துக்கொண்டு நின்றார். அப்பா றெக்கோடரைச் சால்வையால் மூடினார்.'

இதை மாற்றியதும் 'ரீதிகெளளை' என்று உடைந்திருந்தது. நீங்கள் சொன்னபடி சொல்லாகத் தேடித் திருத்தினேன். அப்பா சால்வையால் மூடியதை நான் மறந்தே போயிருந்தேன். அந்தக் கசெற்றில் நடுவில் ஓசை அடங்குகிறது. நாடா பழுது என்று நினைத்தேன். சால்வைதான்.

இது நேற்று எழுதியது:

'பெட்டிக்குள் இன்னும் கற்பூர வாசம். வில்லுக்குத் தேய்க்கும் றொசின் இரண்டாக உடைந்திருந்தது. இரண்டாம் தந்தி அறுந்து சுருண்டு கிடந்தது. மற்ற மூன்றும் நின்றன. சட்ஜம் சேர்த்தேன், பஞ்சமம் நிற்க மறுத்தது. வெண்கட்டி தடவினேன். அம்மா அடுக்களையிலிருந்து, இன்னும் கொஞ்சம் ஏற்று என்றா.'

இணுவில் ரீச்சர்:

அம்மாவின் காது சரி. கடைசி வரியில் கை வைக்காதேயும். அந்த இரண்டாம் தந்தியைத் தனியாகவும் வாங்கலாம், முழுத் தொகுதி வேண்டியதில்லை. ஞாயிறு பின்னேரம் வயலினைக் கொண்டு வாரும், குதிரை நேராக நிற்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.

கொக்குவில் வாசகி:

வருகிறேன் ரீச்சர். 17 ஃபைல் முடிந்தது, 26 இருக்கிறது. இன்று இரவு 2001 ஐ எடுக்கிறேன்.