ரிமோட் கம்பெனியில் இன்டர்னல் கம்யூனிகேஷன்ஸ் வேலை: போர்ட்ஃபோலியோவில் எதை வைப்பது?

வைகைக்கரை:
வணக்கம். 4 வருடமாக டெக்னிக்கல் ரைட்டர். ரிலீஸ் நோட்ஸ், ஹெல்ப் பக்கங்கள் எழுதுகிறேன். முழுக்க ரிமோட்டாக நடக்கும் கம்பெனிகளில் இன்டர்னல் கம்யூனிகேஷன்ஸ் (ஊழியர்களுக்கான உள் செய்திகளை எழுதுவது) வேலைக்கு மாறப் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் சாம்பிள் கேட்கிறார்கள். கம்பெனிக்குள் எழுதியதை வெளியே காட்ட என்டிஏ (ரகசியக் காப்பு ஒப்பந்தம்) விடாது. அனுபவம் இல்லாதவர் போர்ட்ஃபோலியோவை எங்கிருந்து சேர்ப்பது? முதலில் கற்க வேண்டியது என்ன? சர்டிஃபிகேட் உதவுமா?

தபால்பெட்டி:
விளம்பரத்தைப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். நம் ஊரில் 'எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்' என்று வருவதில் நிறைய, கோலப் போட்டியும் பிறந்தநாள் போஸ்டரும் ஆண்டு விழா ஏற்பாடும்தான். அதுவும் மதிப்பான வேலை. ஆனால் நீங்கள் தேடுவது வேறு. பொறுப்புகளில் 'சேஞ்ச் கம்யூனிகேஷன்' (மாற்றங்களை ஊழியர்களுக்கு விளக்குவது), 'ஆல் ஹேண்ட்ஸ்' (எல்லா ஊழியர்களும் கூடும் கூட்டம்), 'ஹேண்ட்புக்' (நடைமுறைக் கையேடு) போன்ற சொற்கள் இருக்கிறதா பாருங்கள். யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். நிறுவனத் தலைமைக்கு நேரடியாக என்றால் ஒரு முடிவு எடுக்கப்படும்போதே உங்களுக்குத் தெரியும். நாலு படி தள்ளி என்றால் அறிவிப்புக்கு முந்தின நாள் மாலை, 'இதைக் கொஞ்சம் அழகா எழுதிக் கொடுங்க' என்று வரும். அந்த நிலையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை.

சாம்பிளுக்கு ஓப்பன் சோர்ஸ் குழுக்களை, அதாவது யாரும் பங்களிக்கக்கூடிய திறந்த மென்பொருளை உருவாக்குபவர்களைப் பாருங்கள். அவை பிறந்ததிலிருந்தே ரிமோட். குபர்நெட்டிஸ் என்ற சர்வர் மென்பொருள் திட்டத்தில் பங்களிப்பாளர்களுக்கான தகவல் தொடர்புக்கென்றே ஒரு குழு இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் பப்ளிசிட்டி டீம் உண்டு. ரஸ்ட் என்ற நிரல் மொழிக்கான வாராந்திரச் செய்திமடலுக்கு யார் வேண்டுமானாலும் கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்பலாம். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் தேதியோடும் ரிவ்யூ கருத்துகளோடும் பொதுவெளியில் நிற்கும் சாம்பிள் கிடைக்கும். நீங்கள் எழுதியதை இன்னொருவர் திருத்தச் சொன்னபோது எப்படிப் பதில் சொன்னீர்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். வேலைக்கு எடுப்பவர்கள் அதைத்தான் தேடிப் படிப்பார்கள்.

இன்னொரு வழி கிட்லாப். அந்த நிறுவனம் தன் வேலை நடைமுறைக் கையேட்டை இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. நீளமான ஒரு பக்கத்தை எடுத்து, புதிதாகச் சேர்ந்தவர் ஐந்து நிமிடத்தில் படித்து முடிக்கும்படி மாற்றி எழுதுங்கள். எதை வெட்டினீர்கள், ஏன் என்று கீழே பத்து வரி சேருங்கள். எழுத்தை விட அந்தப் பத்து வரிக்குத்தான் மதிப்பு.

சர்டிஃபிகேட் இப்போது வேண்டாம். தகவல் தொடர்பாளர்களின் சர்வதேச சங்கமான ஐஏபிசி அமைப்போடு இணைந்த சிஎம்பி சான்றிதழ், இந்தத் துறையில் சில வருடம் உழைத்தவர்களுக்கானது.

நூல்கண்டு:
மேலே சொன்னதோட ஒரு கற்பனைக் கேஸையும் முழுசா செஞ்சு வைங்க. நல்லா வேலை செய்யறது மெடிக்ளைம் மாற்றம். கம்பெனி இன்ஷூரன்ஸ் நிறுவனத்தை மாத்துது, ஏப்ரல் 1 முதல் அமல்னு வச்சுக்கங்க. இதுக்கு நாலு எழுத்து வேணும்.

மேனேஜர் குறிப்பு முதல்ல. பொது மெயிலுக்கு 24 மணி நேரம் முன்னாடியாவது போகணும். இல்லேன்னா டீம் ஆள் கேள்வி கேட்கும்போது மேனேஜர் முழிப்பார், அப்புறம் எந்த அறிவிப்புலயும் அவர் நம்ம பக்கம் நிக்க மாட்டார். அடுத்தது பொது மெயில், 150 முதல் 200 வார்த்தை போதும். முதல் இரண்டு வரியிலேயே என்ன மாறுது, எந்தத் தேதி, நீங்க என்ன செய்யணும், கடைசி நாள் எது, நாலும் வந்துடணும். 'மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்'னு ஆரம்பிச்சா தேதி நாலாவது பத்திக்குப் போயிடும். மூணாவது சாட் போஸ்ட், 3 வரியும் ஒரு லிங்க்கும். அந்த லிங்க் போய்ச் சேர்ற கேள்வி-பதில் பக்கம் நாலாவது.

கேள்வி-பதிலை பாலிசி வரிசையில எழுதாதீங்க. ஜனங்க பயப்படற வரிசையில எழுதுங்க: இப்ப ஆஸ்பத்திரில இருக்கறவங்களுக்கு யார் கட்டுவாங்க? பிரசவத் தேதி ஏப்ரல்ல வர்றவங்க நிலைமை என்ன? அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா? பக்கத்து ஊர் ஆஸ்பத்திரில கேஷ்லெஸ் இருக்கா? பிரீமியம் யார் தலையிலன்னு ஆறாவது வந்தா போதும்.

இந்தியாவுல இருக்கறவங்களுக்கு மட்டும் பொருந்துற செய்தி இது. அதை எல்லா நாட்டுக்கும் அனுப்பறதுதான் சாதாரணமா நடக்கிற தப்பு. சம்பந்தமில்லாத மெயில் நாலு வந்தா அஞ்சாவதை யாரும் திறக்க மாட்டாங்க.

டெக்னிக்கல் விஷயம் ஒண்ணு: ஜிமெயில் 102 கேபிக்கு மேல போன மெயிலை நடுவுல வெட்டிடும். வேர்டிலிருந்து நேரா ஒட்டுனா தேவையில்லாத ஃபார்மேட்டிங் கோட் சேர்ந்து அந்த அளவைத் தாண்டலாம். கடைசி நாளை மெயிலின் அடியில போட்டிருந்தீங்கன்னா அது போச்சு.

ஆறரைமணி:
அளவிடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மெயில் திறப்பு விகிதத்தை நம்பிப் பேசினால் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். 2021-ல் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதி, படிக்காத மெயிலின் படங்களையும் முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படம் இறங்குவதை வைத்துத்தான் திறப்பை எண்ணுகிறார்கள் என்பதால், கணக்கில் 'திறந்தார்' என்று விழும். அதற்குப் பதில் செயலை எண்ணுங்கள்: கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு எத்தனை பேர் படிவத்தை முடித்தார்கள், உதவி சேனலில் ஒரே கேள்வி எத்தனை முறை திரும்ப வந்தது. ஒரே கேள்வி பத்து முறை வந்தால் உங்கள் எழுத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். படிக்கிறவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

ஸ்லாக் என்ற அலுவலகச் சாட் செயலியைப் பயன்படுத்தும் இடமென்றால் அறிவிப்புச் சேனலில் பதிவிடும் உரிமையை நாலைந்து பேரோடு நிறுத்தி, பதில்களை த்ரெடுக்குள் (அந்தப் பதிவின் கீழ்வரும் தனி உரையாடல்) வைக்கச் சொல்லுங்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடந்த 90 நாள் செய்திதான் கண்ணில் படும். ஆகவே முடிவு நிரந்தரமாக வாழும் இடம் ஹேண்ட்புக்கோ விக்கியோதான். சாட் அதற்கு வழிகாட்டும் பலகை மட்டும்.

நேர மண்டலத்தை விரல் நுனியில் வைத்திருங்கள். நமக்கு மாலை 6 என்றால் கோடையில் லண்டனில் பகல் 1.30, நியூயார்க்கில் காலை 8.30, சான்ஃபிரான்சிஸ்கோவில் விடியற்காலை 5.30. எல்லோருக்கும் பொருந்தும் நேரம் என்று ஒன்று கிடையாது. கூட்டத்தை இரண்டு முறை நடத்துங்கள். முடியாவிட்டால் பதிவோடு ஒரு பக்க எழுத்துச் சுருக்கத்தை அன்றே வெளியிடுங்கள், ஒரு மணி நேர வீடியோவை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. கடிகார மாற்றமும் உண்டு. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் வழக்கமான கூட்டத்துக்கு யாராவது ஒரு மணி நேரம் பிசகி வருவார்கள். காலண்டர் அழைப்பு எந்த ஊர் நேரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று முன்பே எழுதிப் போடுவது உங்கள் வேலை.

வைகைக்கரை:
மிக்க நன்றி. மெடிக்ளைம் கேஸை இந்த வாரமே தொடங்குகிறேன். ஆட்குறைப்பு மாதிரி கசப்பான செய்தி வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு நேர்காணலில் கேட்டார்கள். சரியான பதில் எது?

தபால்பெட்டி:
வரிசையைச் சொல்லுங்கள். முதலில் மேனேஜர்கள், பிறகு பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனி அழைப்பு, அது முடிந்த சில மணி நேரத்துக்குள் மீதிப் பேருக்கு எழுத்து, கடைசியில்தான் வெளியுலகம். 2021 டிசம்பரில் அமெரிக்காவின் வீட்டுக்கடன் நிறுவனமான பெட்டர் டாட் காம், சுமார் 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில் வேலையை விட்டு அனுப்பியது. வீடியோ வெளியே பரவி, அதன் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. யாருடைய லாகின் எந்த நேரத்தில் முடக்கப்படும் என்று ஐடி பிரிவோடு முன்பே பேசி வைப்பதும் இதில் சேரும். தனி அழைப்புக்கு முன் லேப்டாப் பூட்டிக்கொண்டால் அந்த மனிதருக்குச் செய்தி சொன்னது ஒரு திரை என்று ஆகிவிடும். அது நடக்கக் கூடாது.

பங்குச்சந்தையில் இருக்கும் இந்தியக் கம்பெனி என்றால் இன்னொரு வரி சேருங்கள். பங்கு விலையைப் பாதிக்கும் செய்தி, எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்கும் முன் உள் மெயிலில் போகக் கூடாது. வரைவு உங்கள் கைக்கு வந்த அன்றே, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 உள்பேர விதிகளின்படி (வெளிவராத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுப்பவை) அந்தத் தகவல் தெரிந்தவர்களுக்காக வைக்கப்படும் டிஜிட்டல் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியதா என்று கம்பெனி செக்ரட்டரியிடம் கேட்டுவிடுங்கள்.