புதுப்பிப்பு: கோல்ட்விங்குக்குக் கார் டயர் போட்டாச்சு

என் ஹோண்டா கோல்ட்விங் ஜிஎல்1800 பைக்கின் பின்சக்கரத்துக்குக் கார் டயர் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, போட்டாச்சு. 180/60 ஆர்16 அளவு பைக் டயர் இருந்த இடத்தில் இப்போது 195/55 ஆர்16 ரன்ஃபிளாட், அதாவது காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் கார் டயர்.

இங்கே டெக்சஸில் டயர் கடைக்காரர் மாட்ட மறுத்துவிட்டார். "வீட்டுக்காரரோடு வாங்க" என்றது இலவச இணைப்பு! கடைசியில் தோழியின் கராஜில் இருவருமாக மல்லுக்கட்டினோம். சக்கரத்தைக் கழற்றுவது சுலபம், ஒருபக்க ஸ்விங்ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை ஒரு பக்கம் மட்டும்), ஐந்தே நட்டு. டயர்தான் படுத்தியது. பக்கச்சுவர் கல் மாதிரி. ரிம்மில் உட்கார வைக்க அரை நாள்.

நேர்ச்சாலையில் சுகம். வளைவில் அடிப்பரப்பு தட்டையான கார் டயர் வண்டியை நிமிர்த்தப் பார்க்கிறது, ஹேண்டில்பாரை விடாமல் அழுத்த வேண்டியிருக்கிறது. கார் டயர் ரிம்மில் சரியாகப் பிடிக்காது என்று எச்சரித்தவர்களே, பைக் ரிம்மின் விளிம்பு வடிவம் கார் ரிம்மிலிருந்து வேறு என்பது சரிதான். அதனால் காற்றழுத்தத்தைத் தினமும் பார்க்கிறேன்.