விசுவாசத்தை விட்டு விலகுகிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். சிறுவயது முதல் சபையிலேயே வளர்ந்து, ஞாயிறு பள்ளியில் பாடமும் எடுத்துவந்த எனக்கு இப்போது கிறிஸ்தவ விசுவாசம் இல்லை. உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது.

யார் மீதும் மனக்கசப்பில்லை. வேதத்தை ஊன்றிப் படித்ததே காரணம். இயேசு யூதேயாவின் அரசன் ஏரோதின் நாட்களில் பிறந்தார் என்று மத்தேயுவும், சீரியாவின் ரோமத் தேசாதிபதி சிரேனியு எடுத்த குடிமதிப்பின்போது (மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது) பிறந்தார் என்று லூக்காவும் எழுதியிருக்க, ஏரோது கி.மு. 4இல் இறந்தான் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்தக் குடிமதிப்போ கி.பி. 6இல் நடந்தது. மாற்கு நற்செய்தி, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது; உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குத் தோன்றியதைச் சொல்லும் அடுத்த வசனங்கள் அவற்றில் இல்லை. போதகர் பொறுமையாகவே விளக்கம் தந்தார். ஆனால், இஸ்ரவேலரின் பகைவரான அமலேக்கியரின் பால்குடிக்கும் குழந்தைகளையும் கொல்லச் சொன்ன தேவ கட்டளையை (1 சாமுவேல் 15:3) நீதி என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்க என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. மற்றவற்றைவிட இதுவே என்னை உலுக்கியது.

அம்மா இரவுதோறும் என் தலைமேல் கைவைத்து ஜெபித்துவிட்டு, நான் ‘ஆமென்’ சொல்லும்வரை கையை எடுப்பதில்லை. என் ஆத்துமா நரகத்துக்குப் போகும் என்று மெய்யாகவே அஞ்சக்கூடியவரிடம் இதைச் சொல்லாமலிருப்பது வஞ்சனை. சொல்வதோ அவரை நொறுக்கிவிடும்.

இவ்வழியில் வந்தவர்களைக் கேட்கிறேன்: வீட்டில் முதலில் யாரிடம் சொன்னீர்கள்? ஆராதனைக்குப் போவதை உடனே நிறுத்தினீர்களா, படிப்படியாகவா? நம்பிக்கை போனபின்னும் நள்ளிரவில் எழும் நரக பயம் உங்களுக்கு எப்படித் தணிந்தது? விசுவாசிகளும் எழுதலாம்; என்னைத் திருப்புவதற்காக அல்லாமல், உங்கள் பிள்ளை இதைச் சொன்னால் எவ்வாறு கேட்க விரும்புவீர்கள் என்பதைத் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.