ரூட்டிங் அண்ட் மிச்சம் மெச்சுக்குப் போன ஆக்கள் உங்கட கதையளைச் சொல்லுங்கோ

குருநகரான்:

ஆர்சனல், செல்சி எண்டு அடிபடுற ஆக்கள் வேற திரிக்குப் போங்கோ, இது தெற்கு லண்டனில ரூட்டிங் (Tooting), மிச்சம் (Mitcham) எண்ட ரெண்டு ஊரின்ர ஃபுட்போல் கிளப், எங்கட ரூட்டிங் அண்ட் மிச்சம் யுனைற்றட்டுக்கு மட்டும். பிரிமியர் லீக்கில இருந்து ஏழெட்டுப் படி கீழ கிடக்கிற டீம், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜேர்சி, பட்டப்பேர் ரெறர்ஸ் (Terrors), பயங்கரம் எண்டு அர்த்தம். பேரைக் கேட்டா பயம் வரும், விளையாட்டைப் பாத்தா சிலநேரம் எங்களுக்குத்தான் பயம் வரும்.

நானே துவங்கிறன். 2003 மாரி, நான் லண்டனுக்கு வந்து ஆறு மாசம். மிச்சத்தில ஒரு பெற்றோல் செட்டில இரவு வேலை, ரூட்டிங்கில ஒரு அறையில அஞ்சு பேர். அண்டைக்கு ஆள் வரேல்லை எண்டு முதலாளி பகலுக்கும் நிக்கச் சொல்லி, ரெண்டு மணிக்குத்தான் விட்டவன், அந்தக் காசு இண்டைக்கும் வரேல்லை அது வேற கதை. நித்திரைத் தூக்கத்தில 280 பஸ்ஸை எதிர்ப்பக்கத்தில ஏறிட்டன். கண் முழிச்சா பிஷப்ஸ்ஃபோர்ட் ரோட், எந்த இடம் எண்டே தெரியேல்ல, இறங்கிப் பாத்தா மூண்டு மணிக்கே இருட்டுக் கட்டி பெரிய லைற் எல்லாம் எரியுது, உள்ளுக்க சனம் கத்துது. நான் குருநகர்ப் பெடியன், பாசையூருக்கும் பாடும்மீனுக்கும் மெச் எண்டா மதில் ஏறிப் பாத்து வளந்தவன், அந்தச் சத்தம் கேட்டா கால் தன்பாட்டில போகும். போச்சு.

உள்ளுக்க ஒரு முன்னூறு பேர் இருப்பினம். கம்பியில சாஞ்சு நிக்கிறன், மெல்லிசு ஜக்கெற், நடுங்கிறன். பக்கத்தில நிண்ட ஒரு வெள்ளைக்காரன், அறுபதை நெருங்கின வயசு, ஒண்டும் கேக்காமல் போய் ரெண்டு ரீ வாங்கிக்கொண்டு வந்து ஒண்டை என்ர கையில திணிச்சார். பிறகு கதைக்கத் துவங்கினவர் நிப்பாட்டேல்ல. எனக்கு அப்ப இங்கிலீஷ் அரைகுறை, ஐஸ், ஃபொரஸ்ற், ரூ நில், இவ்வளவுதான் விளங்கினது. அது அவருக்கும் விளங்கிட்டுது போல, கம்பியில உறைஞ்சிருந்த வெண்பனியில நகத்தால ஒரு கோடு கீறி, சுண்டுவிரலைப் பந்து மாதிரி அதுவழிய உருட்டிக்கொண்டு போய் டப்பெண்டு மேல துள்ள வைச்சுக் காட்டினார்.

முழுக்கதையும் விளங்க எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது. 1959 ஜனவரி, பெரிய கிளப், சின்னக் கிளப் எல்லாம் மோதுற எஃப்.ஏ. கப்பின்ர மூண்டாம் சுற்று, பழைய சாண்டி லேன் மைதானம். அப்ப ஆக மேல் லீக்கான முதல் டிவிஷனில இருந்த நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ற் வந்திருக்கு, எங்கட ஆக்கள் எல்லாம் அமெச்சூர், பகல் வேலைக்குப் போற மனிசர். இடைவேளைக்கு 2-0, முன்னுக்கு நிண்டது நாங்கள்! நிலம் உறைஞ்சு கிடந்ததில, எங்கட டிஃபெண்டர் கீப்பருக்குத் தட்டிவிட்ட பந்து ஐஸ் வரம்பில பட்டுத் துள்ளி அவருக்கு மேலால கோலுக்க போட்டுது. பிறகு ஒரு பெனால்ரி. 2-2. ரீப்ளேயில 3-0 தோல்வி. அந்த ஃபொரஸ்ற்தான் அந்த வருசம் வெம்பிளியில கப்பையே தூக்கினது. கிழவருக்கு அப்ப பதினாலு வயசு, கோலுக்குப் பின்னால நிண்டவராம். 44 வருசம் கழிச்சு ஆரோ ஒரு தமிழ்ப் பெடியனுக்கு, பந்து நேற்றுத்தான் துள்ளின மாதிரிக் கோவத்தோட சொல்லுறார்.

மிச்சம் மருமகள்:

அண்ணா, "மிச்சம்" எண்டு நீங்கள் எழுதினதைப் பாத்துச் சிரிச்சிட்டன். கலியாணம் கட்டி வரேக்க எங்கட அம்மா கேட்டவா, ஏன் பிள்ளை, லண்டன் முழுக்க ஆக்கள் பிரிச்செடுத்துப்போட்டு உங்களுக்கு மிச்சத்தையோ விட்டவை எண்டு 😂

நான் போனது மகளுக்காக. அவளுக்கு அப்ப எட்டு வயசு, பள்ளிக்கூடத்தில ஃபுட்போல் பைத்தியம். பெரிய டீமின்ர மெச்சுக்கு ரிக்கெற் விலை கேட்டு மனுசன் தலைசுத்தி இருந்திட்டார், அதால இஞ்ச கூட்டிக்கொண்டு போனம். அண்டைக்குக் காலமை அம்மன் கோவில், அங்கால நேர மைதானம், நெத்தியில திருநீறு, பையில மட்டன் ரோல்ஸ் (கோவிலுக்குப் போன பையில மட்டனா எண்டு மாமி கேக்காதைங்கோ, ரோல்ஸ் வழியில வாங்கினது).

உங்களுக்குத் தெரியும்தானே, இஞ்ச பொலிஸ், வேலி, பிரிச்சு விடுறது ஒண்டும் இல்லை. எங்கட டீம் எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தக் கோலுக்குப் பின்னால போய் நிப்பம், இடைவேளைக்குச் சனமெல்லாம் அங்கால மாறும். அப்ப எதிர் டீம் கீப்பருக்கும் எங்களுக்கும் பத்தடிதான். பந்து அங்கால நிக்குது, மகள் ரோல் சாப்பிடுறாள், அந்தக் கீப்பர் திரும்பிப் பாத்து, என்ன அது, நல்ல வாசமா இருக்கு எண்டு கேட்டான். இவள் உடன கையை நீட்டிட்டாள். அவன் சிரிச்சுப்போட்டு, மெச் முடிய எண்டான். நான் பகிடிக்குச் சொல்லுறான் எண்டு நினைச்சன். விசில் ஊதினது, தோத்துப்போனவன், முழங்கால் முழுக்கச் சேறு, நேர எங்களிட்ட வந்து கையுறையைக் கழட்டி கக்கத்துக்க வைச்சுக்கொண்டு, எங்க என்ர ரோல் எண்டு நிக்கிறான்! ஒண்டை ரெண்டு கடியில முடிச்சான். உறைப்பு ஏறி மூக்கால ஓடுது, துடைச்சுத் துடைச்சு ரெண்டாவதையும் வாங்கினான். மகள் அடுத்த கிழமை தொடக்கம் நானும் கீப்பர்தான் எண்டு நிண்டாள். இப்ப அவளுக்கு பதினேழு, இன்னும் கீப்பர்தான்.

மயிலாப்பூர் டு காலியர்ஸ் வுட்:

ஈழத்து நண்பர்களே, நாங்க டூட்டிங்னு எழுதுவோம், நீங்க ரூட்டிங்னு எழுதுறீங்க, எப்படியோ ஊர் ஒண்ணுதான்.

என் கதை கொஞ்சம் அசிங்கம். 2018ல ஆபீஸ் வேலையா இங்க வந்தேன், பக்கத்துல ஏதோ கிரவுண்ட் இருக்காமேன்னு ஒரு சனிக்கிழமை போனா செம கூட்டம், எல்லாரும் பிங்க்கும் நீலமும் கழுத்துல சுத்தியிருக்காங்க. நானும் ஆர்வக்கோளாறுல ஒரு ஸ்கார்ஃப் வாங்கி மாட்டிக்கிட்டு தொண்டை கிழிய கத்திட்டு வந்தேன். அடுத்த சீசன் ஒரு நாள் அதே ஸ்கார்ஃபோட போறேன், கேட்ல இருந்த அம்மா என்னை ஏற இறங்க பாத்துட்டு, தம்பி இது டல்விச் ஹேம்லெட்ங்கிற வேற கிளப்போடதுன்னாங்க. அவங்கள அந்த வருஷம் சொந்த மைதானமான சாம்பியன் ஹில்லுக்குள்ள விடாம பூட்டிட்டாங்களாம், அதனால நம்ம இடத்துல வாடகைக்கு ஆடியிருக்காங்க. அதே கிரவுண்ட்லதான் ஹெண்டன் டீமை பெனால்டியில ஜெயிச்சு மேல் லீகுக்கும் போனாங்க. அடுத்த வீட்டுக் கல்யாணத்துல மொய் எழுதிட்டு சாப்பிட்டு வந்த கதைதான்.

அப்புறம் ஒண்ணு, பெரிய லீக் மேட்ச்ல சீட்ல உக்காந்து பீர் குடிக்கக்கூடாது, சட்டமே இருக்கு. இந்த லெவல்ல கையில கிளாஸோட கோல் பக்கத்துல நிக்கலாம். நான் தொடர்ந்து போறதுக்கு இதுதான் காரணம்னு என் மனைவி நினைக்கிறாங்க, முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன்.

பழைய 280:

மிக்கைல் அன்ரோனியோவை ஒருத்தரும் சொல்லேல்லையே? வெஸ்ற் ஹாமுக்குப் போய் கோல் கோலா அடிச்சவன், 2008இல ரெடிங் கொண்டுபோகும் வரைக்கும் எங்கட பெடியன். அந்தக் காலத்தில பாத்தனீங்களோ எண்டு கேட்டா ரூட்டிங்கில எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். உண்மையா அத்தனை பேரும் வந்திருந்தா கிளப்புக்குக் காசுக் கஷ்டமே வந்திராது. நான் பாத்தனான். லைனில ஓடேக்க மண் எங்கட மூஞ்சியில அடிக்கும்.

அதுக்கு முன்னம் அலெக்ஸ் ஸ்டெப்னி, பிறந்ததே மிச்சத்தில, இஞ்ச கீப்பரா நிண்டு 1963இல மில்வோலுக்குப் போனவர். 1968 ஐரோப்பியக் கப் ஃபைனலில மான்செஸ்டர் யுனைற்றட்டுக்கு நிண்டு யூசேபியோ அடிச்சதைப் பிடிச்ச ஆள் அவர்தான்.

குருநகரான்:

தங்கச்சி, அந்தக் கீப்பர் கதையைப் படிச்சிட்டு மனுசியைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினன்.

என்ர கிழவரைப் பற்றி இன்னும் ஒண்டு. 2002இல கிளப் சாண்டி லேனை விட்டு இந்தப் புது இடத்துக்கு வந்ததை அவர் கடைசி வரைக்கும் மன்னிக்கேல்ல, இருபது வருசம் பழகின பிறகும் புது மைதானம் எண்டுதான் சொல்லுவார், அதில ரொய்லெற் சுத்தமா இருக்கிறதும் ஒரு குறை. 2019இல மழை வெள்ளத்தில வாண்டில் ஆத்துப் பாலம் இடிஞ்சு பிஷப்ஸ்ஃபோர்ட் ரோட்டை மூடினாங்கள் எல்லோ, பஸ் எல்லாம் சுத்திப் போச்சு. இந்தாள் எழுபத்தி நாலு வயசில அவ்வளவு தூரமும் சுத்தி நடந்து வந்து, இடைவேளை முடியப் போகேக்க வந்து நிண்டு என்னைப் பாத்துக் கேட்ட முதல் கேள்வி, எனக்கு ரீ வாங்கி வைச்சனியோ எண்டு. வாங்கித்தான் வைச்சனான், ஆறிப் போச்சு. அதையும் குடிச்சார்.

மயிலாப்பூர் டு காலியர்ஸ் வுட்:

அண்ணே, வர்ற சனிக்கிழமை ஹோம் மேட்ச் இருக்கு. யார் யார் வர்றீங்க?

மிச்சம் மருமகள்:

நாங்கள் மூண்டு பேர். ரோல்ஸ் எத்தினை கொண்டு வர?

பழைய 280:

இருவது. எதிர் கீப்பருக்கு ரெண்டு தனியா எடுத்து வையுங்கோ, மெச்சுக்கு முன்னமே குடுப்பம்.