மாத்திரையும் ஜெபமும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஜெபித்த பிறகும் மனச்சோர்வு மாத்திரையைத் தொடர்வது விசுவாசக் குறைவா என்று கேட்ட தம்பிக்காக இதை எழுதுகிறேன்.

அம்மா இறந்து சில மாதங்களில் எனக்கு மனச்சோர்வு ஆரம்பித்தது. அழுகைகூட வரவில்லை. பல் தேய்ப்பதே பெரிய வேலையாக இருந்தது. வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், ஒன்றும் மனதில் ஏறாது. எல்லாரும் கை உயர்த்திப் பாடும்போது மரக்கட்டை மாதிரி நிற்பேன். அப்போது போய்க்கொண்டிருந்த சபையில் ஒரு மூத்த சகோதரி, "இது சோர்வின் ஆவி. மறைவான பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கைபண்ணும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நோய் போதாதென்று குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

செல் குரூப்பில் (சபையின் சிறு ஜெபக்குழுவில்) இருந்த ஒரு அக்கா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்து, நான் சாப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் வந்து, இங்கே சிங்கப்பூரில் அரசு நடத்தும் மருத்துவ நிலையமான பாலிகிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பிறகு 1 இராஜாக்கள் 19-ஐப் படித்தபோது அந்த அக்காதான் ஞாபகத்துக்கு வந்தார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொல்கிறான். 88-ம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறதே!

பாலிகிளினிக்கில் டாக்டர் தந்த மாத்திரை உடனே கேட்கவில்லை. முதல் வாரம் குமட்டல்தான். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முதலில் தூக்கம் வந்தது, அப்புறம் பசி. ஜெபம் ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. முழங்காலில் நிற்கும் தெம்பை மாத்திரை மூலமாகவே கர்த்தர் தந்தார் என்று சாட்சியாகவே சொல்வேன்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். கடும் மனச்சோர்வுக்கான சிகிச்சைக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கென்று இங்கே சேமிக்கும் கணக்கு) பணத்தைப் பயன்படுத்தலாம், கேட்டுப் பாருங்கள்.

தம்பி, யார் சொன்னாலும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், படபடப்பு வரலாம், நோயும் திரும்பலாம். குறைக்க வேண்டுமானால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். ராத்திரியில் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவி எண் 1771, அல்லது தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767, இரண்டிலும் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். தற்கொலை முயற்சி 2020 முதல் சிங்கப்பூரில் குற்றமில்லை. போலீஸ் வழக்காகிவிடுமோ என்று பயந்து யாரும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.