1907 பயனெட் வாங்கினேன்: தேய்த்துப் பளபளப்பாக்கலாமா? உறை இதனுடையதுதானா?

ஷெஃபீல்டுவாசி

வணக்கம். போன ஞாயிறு இங்கே ஷெஃபீல்டில் பழைய சாமான் சந்தையில் 90 பவுண்டு கொடுத்து ஒரு 1907 பயனெட்டை உறையோடு வாங்கினேன். பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. இந்த வகையில் நான் வாங்கும் முதல் பொருள் இது. அலகு தொடங்கும் இடத்தில் ஒரு பக்கம் கிரீடம், ஜி.ஆர்., 1907, அதன் கீழே 8 '17, சாண்டர்சன் என்று வெட்டியிருக்கிறது. மறுபக்கம் அம்புக்குறி, பெருக்கல் குறி, இன்னும் சில பொடி முத்திரைகள். அலகு முழுக்கச் சாம்பலும் பழுப்புமாகக் கிடக்கிறது, நுனிப்பக்கம் உப்புத்தாள் போட்டு ஒரு விரல் அகலம் தேய்த்துப் பார்த்தேன், வெள்ளையாக வந்தது, அப்புறம் ஏனோ பயம் வந்து நிறுத்திவிட்டேன்.

முழுவதும் தேய்க்கலாமா? உறை தோல், வாயிலும் நுனியிலும் இரும்பு, பின்பக்கத் தையல் ஓரிடத்தில் விட்டிருக்கிறது. இது இந்தக் கத்தியோடு வந்த உறைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று, பக்கத்துக் கடையில் இதே சாண்டர்சன், 3 '16 தேதி, கைப்பிடிக்கு முன்னால் கொக்கி வளைந்தது ஒன்று இருக்கிறது, விலை மூன்று மடங்கு. வாங்கலாமா?

பரண்மேல்

முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். அந்தச் சாம்பல் நிறம் நூறு வருடத்தில் படிந்தது, அதைச் சுரண்டினால் திரும்ப வராது, முத்திரைகளும் கூடவே மழுங்கிப்போகும். செந்துரு இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பழைய பனியன் துணியால் துடையுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் மிக நைசான இரும்புப் பஞ்சு, அதுவும் கை அழுத்தாமல். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகக் காறிப்போகும்.

1907 என்பது வடிவம் ஏற்கப்பட்ட வருடம், செய்த வருடம் அல்ல. 8 '17 என்றால் 1917 ஆகஸ்ட். இதைச் செய்த சாண்டர்சன் ஷெஃபீல்டுக்காரர்கள், ஆகவே உங்கள் கத்தி பிறந்த ஊரிலேயே உங்கள் கையில் சேர்ந்திருக்கிறது! அம்புக்குறி அரசுச் சொத்து என்பதற்கு, பெருக்கல் குறி அலகை வளைத்துப் பார்த்து அது பழையபடி நிமிர்ந்தது என்பதற்கு. கைப்பிடியின் கடைசி இரும்பில் குறுக்கே ஒரு சிறு துளை இருக்கிறதா பாருங்கள். உள்ளே சேரும் அழுக்கு வெளியேற 1916-இல் கொண்டுவந்தது, 17-ஆம் வருடத்துக் கத்தியில் அது இருக்க வேண்டும்.

கொக்கி விஷயத்தில் என் பதில், தொடாதீர்கள். ஜப்பானின் அரிசாகா பயனெட்டைப் பார்த்து வைத்த கொக்கி அது, 1913-இலேயே நிறுத்திவிட்டார்கள், ஏற்கெனவே இருந்தவற்றிலும் பழுதுபார்க்க வந்தபோது அறுத்து எடுத்தார்கள். தப்பிப் பிழைத்தவை குறைவு என்பதால்தான் விலை ஏறுகிறது, விலை ஏறியதால்தான் வெல்டு வைத்து ஒட்டுகிறார்கள். 1916-இல் சாண்டர்சன் கொக்கி வைத்துச் செய்திருக்க வழியே இல்லை. பூதக்கண்ணாடி கொண்டுபோய்க் கொக்கி சேரும் இடத்தைப் பாருங்கள், அரம் போட்ட கீறலும் நிற மாற்றமும் தெரியும்.

தோலும் தையலும்

உறையைப் பற்றி நான் சொல்கிறேன். ஜெர்மன் 84/98 பயனெட்டில் அலகிலும் உறையிலும் ஒரே எண் இருக்கும், இரண்டும் பொருந்தாவிட்டால் விலை பாதியாகக்கூட இறங்கும். பிரிட்டிஷ் பொருளில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். கிடங்கில் கையில் கிடைத்த உறையில் செருகிக் கொடுத்தார்கள், அதனால் வகை சரியாக இருந்தால் எனக்குப் போதும். 17 அங்குல அலகு கடைசிவரை இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது, உறை வாய்க்குள் இருக்கும் தகட்டு ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும்.

தயவுசெய்து கத்தியை உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட தோலில் அமிலமும் இருக்கும். சென்னையில் நான் மூன்று மழைக்காலம் உருவிப் பார்க்காமல் வைத்திருந்த ஒன்றை எடுத்தபோது, தையல் ஓடும் பக்கமாக, அலகின் ஓரம் நெடுகக் கடுகு தூவியதுபோலத் துருப்புள்ளிகள். இன்னும் அந்தக் குழிகள் இருக்கின்றன, பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது. தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள், தொளதொளவென்று ஆகித் தையலும் அறுந்துவிடும். விட்ட தையலைப் பழைய துளைகள் வழியாகவே சணல் நூலில் கோக்கலாம், பசை மட்டும் போடாதீர்கள்.

கோவை பழைய இரும்பு

இந்தியாவில் தேடுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே அதிகம் கைக்கு வருவது கல்கத்தா பக்கம் இஷாப்பூர் ஆலையில் செய்தவை, ஜி.ஆர்.ஐ. என்று இருக்கும், 'ஜி.ஆர்.' ஜார்ஜ் மன்னர், 'ஐ' இம்பரேட்டர், அதாவது பேரரசர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பல அலகுகளை 12 அங்குலமாகக் குறைத்தார்கள். சந்தையில் அதைப் பார்த்து உடைந்த கத்தி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, எனக்கென்னவோ நீளத்தைவிடக் குட்டைதான் பிடிக்கும். இதற்கு முந்தைய 1903 மாதிரியிலும் 12 அங்குலம்தான். துப்பாக்கி குட்டையானதால் எட்டாது என்று 17 ஆக்கினார்கள், கடைசியில் திரும்பவும் 12-க்கே வந்தார்கள்.

அப்புறம், 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளில் பயனெட்டும் பெயர் சொல்லிப் பட்டியலில் இருக்கிறது. வாங்கும் முன் உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

ஷெஃபீல்டுவாசி

எல்லோருக்கும் நன்றி. துளை இருக்கிறது, அழுக்கு அடைத்திருந்ததால் முன்பு கண்ணில் படவில்லை. பல்குச்சியால் எடுத்தேன். உறையைத் தலைகீழாகப் பிடித்தேன், கத்தி நகரவே இல்லை. கொக்கி வைத்ததைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், சேரும் இடத்தில் மயிரிழை அளவு கோடு, அதற்கு அந்தப் பக்கம் இரும்பு வேறு நிறம். விட்டுவிட்டு வந்தேன். கத்தியைத் துணி சுற்றி ஒரு தட்டிலும் உறையைத் தனியாக அடுத்த தட்டிலும் வைத்திருக்கிறேன். நான் தேய்த்த அந்த ஒரு விரல் அகலத்தை இனி என்ன செய்வது, அப்படியே விட்டால் தானாக மங்குமா?

பரண்மேல்

மங்கும். எண்ணெய் மட்டும் துடைத்து வாருங்கள், நாலைந்து வருடம் ஆகும்.