திங்கட்கிழமை மட்டும் நெஞ்சு இறுக்கம்: ஆஸ்துமாவா, பஞ்சுத் தூசியா?

நூல்முடிச்சு (கேள்வி):
கோவைப் பக்கம் நூற்பாலையில் 14 வருடமாக கார்டிங் (பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும்) பிரிவில் இருப்பவர், வயது 43. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள், ஷிப்ட் பாதி தாண்டியதும் நெஞ்சை இறுக்கிக் கட்டினாற்போல் ஆகிறது, வறட்டு இருமல் வேறு. மறுநாள் பரவாயில்லை. பீடி உண்டு, நாளைக்கு ஐந்தாறு. எக்ஸ்ரே சுத்தம். லீவு நாளில் எடுத்த ஸ்பைரோமெட்ரியும் (ஊதவைத்து மூச்சுத் திறனை அளக்கும் பரிசோதனை) கிட்டத்தட்ட சரி. சீட்டில் ‘ஆஸ்துமா’ என்று எழுதி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். தொழில்சார் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். என்னென்ன கொண்டுபோக வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

மூச்சளவு:
முதல் நாள் இறுக்கம், அடுத்த நாள் தணிவு. இது பிசினோசிஸின், அதாவது பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின், கையெழுத்து மாதிரி. வேலையிடத்து ஆஸ்துமா பெரும்பாலும் வாரம் போகப் போக ஏறும், லீவில் இறங்கும். இவருக்கு நேர்மாறு. நாள்பட்டால் இறுக்கம் வாரம் முழுக்கப் பரவும். அப்புறம் இந்த அடையாளமே மறைந்து, புகையால் வந்த நுரையீரல் அடைப்பு மாதிரிதான் தெரியும். அதனால் இப்போதே பிடிக்க வேண்டும்.

லீவு நாள் ஸ்பைரோமெட்ரி இதைக் காட்டாது. பார்க்க வேண்டியது ஷிப்டுக்கு முன்னும் பின்னும். குறைந்தது 35 மணி நேரம் பஞ்சுப் பக்கம் போகாமல் இருந்து, முதல் நாள் உள்ளே போகும் முன் ஒரு தடவை, வேலை தொடங்கி 4 மணி நேரத்துக்கு அப்புறம் இன்னொரு தடவை. முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு (எஃப்.இ.வி.1) 5 சதவீதமோ 200 மில்லியோ இறங்கியிருந்தால் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஒழுங்கான மூன்று ஊதல் வேண்டும், அதில் நல்ல இரண்டுக்கும் நடுவே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அரைகுறையாக ஊதிய ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. சால்பூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்து) போட்டு 4 முதல் 6 மணி நேரம் கழித்து எடுப்பது சரி. ஆனால் மூச்சுத் திணறினால் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்ளட்டும், நேரத்தை மட்டும் குறித்துவையுங்கள்.

கார்டிங்ரூம்:
அந்த நேரத்துக்கு லேப் திறந்திருக்காது, அதுதான் நடைமுறைச் சிக்கல். காலை ஷிப்ட் வாரமாகப் பார்த்து, மதியம் முடிந்ததும் நேராகப் போகச் சொல்லுங்கள். முன் அளவுக்கு மில் மருத்துவ அறையில் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கைக்கருவி) வாங்கிவிடுங்கள். எழுந்ததும், ஷிப்டுக்கு முன், பாதியில், முடிந்ததும், படுக்கும் முன். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி, அதிகமானதை மட்டும் எழுத வேண்டும். நான்கு வாரம், லீவு நாளையும் சேர்த்து. மீட்டரை நடுவில் மாற்றாதீர்கள். பக்கத்திலேயே எந்த ஷிப்ட், எந்த மெஷின், அன்று கார்டிங் மெஷினைச் சுத்தம் செய்தாரா, காற்றுக் குழாயால் அடித்தாரா, எத்தனை பீடி என்று ஒரு வரி.

காற்றால் அடிப்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கீழே படிந்த நுண்தூசி முழுக்கத் திரும்ப மூச்சு மட்டத்துக்கு எழும்புவது அப்போதுதான். பஞ்சோடு வரும் இலைத்துணுக்கும் பாக்டீரியா நச்சும் அந்தத் தூசியில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பஞ்சுப் பிசிறு அவ்வளவு ஆழம் போகாது. கைக்குட்டை கட்டுவதால் பிசிறு மட்டும்தான் நிற்கும். முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் பொருந்தாது.

நூல்முடிச்சு:
எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் தொழில் நோய் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

மூச்சளவு:
சொல்லக் கூடாது. எக்ஸ்ரேயில் மேல்பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரிவது கல்குவாரி, கிரஷர்காரர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ். பிசினோசிஸில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனை தனியாக எடுத்துவிடுங்கள். காசநோயை ஒதுக்கியாக வேண்டும்.

பதிவேடு:
‘ஆஸ்துமா’ என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. சாதாரண நோய் என்றால் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீட்டில்) சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள். தொழில் நோய் என்றால் ஊனப் பயன், 90 சதவீதம். நிரந்தரக் குறை இருந்தால் மருத்துவ வாரியம் சதவீதம் போட்டு மாதா மாதம். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் இ.எஸ்.ஐ.க்கான சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ‘சி’ பிரிவில் பெயரோடு இருக்கிறது. சிகிச்சை தரும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயும்கூட. தமிழ்நாட்டில் அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இதைப் பணிவாக, நேராகக் கேளுங்கள்: “டாக்டர், அறிவிப்பு அனுப்புவீங்களா? நகல் கிடைக்குமா?”

கொண்டுபோக வேண்டியதில் முக்கியமானது வேலை வரலாறு. எந்த வருடம் முதல் எந்த வருடம், ப்ளோ ரூமா (பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடம்) கார்டிங்கா சிம்ப்ளெக்ஸா (நூற்பதற்கு முந்தைய பிரிவு), முன்னால் எந்த மில். இ.எஸ்.ஐ. சந்தா விவரத்தில் வருடம் தெரியும், பிரிவு தெரியாது. கான்ட்ராக்டில் இருந்த வருடங்களுக்கு மில் பெயரே இருக்காது. சம்பளச் சீட்டு, பழைய அடையாள அட்டை, ஷிப்ட் சார்ட் போட்டோ, எது கிடைத்தாலும் சேருங்கள். சென்னை கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில் நோய் மையம் இருக்கிறது, உள்ளூரில் இழுத்தடித்தால் அங்கே பரிந்துரை கேளுங்கள்.

பீடியை மறைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மறைத்து, பின்னால் தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். பீடி இருந்தாலும் திங்கட்கிழமை இறக்கத்துக்கு பீடி காரணமாகாது. லீவு நாளிலும் அதே பீடிதானே?

கார்டிங்ரூம்:
தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றும் பரிந்துரையை எழுத்தில் வாங்குங்கள். ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்று எழுதவிடாதீர்கள். ‘கார்டிங், ப்ளோ ரூம் தவிர்க்கவும், மற்ற வேலைக்குத் தகுதி உண்டு’ என்று இருக்க வேண்டும். மாறிய பிறகு மூன்று மாதத்தில் திரும்ப ஸ்பைரோமெட்ரி, பழையதோடு வைத்துப் பார்க்க.